தங்கபுஷ்பத்தின் அலைவரிசை

"மனசு பேசுறதைக் கேக்கிற இந்த ஸ்கேனர்ல கோளாறு இல்லக்கா. நீங்க ஏத்தின பட்டியல்லதான் கோளாறு," என்றாள் கடைக்காரி ஜெபசீலி, கணினித் திரையைப் பார்த்தபடி.

"வீட்டுல எல்லார் மனசோட அலைவரிசையும்தானே போட்டேன்," என்றாள் தங்கபுஷ்பம்.

"உங்க மனசையும் போட்டிருக்கீங்க, அதுவும் முதல் இடத்துல. பேச்சு கேக்கிற சேனல்ல இது நின்னுரும். அது ஓய்ஞ்சாத்தான் அடுத்ததுக்குப் போகும். உங்களுது ஓயவே இல்லக்கா."

பக்கத்து நாற்காலியில் இருந்த கணவர் ஞானதாஸ் சிரித்தார். இருதய ஆபரேஷனுக்கு மூன்று மாதமாக அவர் சம்மதிக்கவில்லை. ஏன் என்று கேட்டால், "சும்மாதான்" என்பார். அந்தக் காரணத்தைக் கேட்கத்தான் தங்கபுஷ்பம் ஸ்கேனரே வாங்கினாள்.

"அப்ப என்னுதை எடுத்துரு."

ஜெபசீலி எடுத்தாள். ஆபீஸில் இருந்த மகனின் மனசில் ஒரு சத்தமும் இல்லாததால், ஸ்கேனர் அதைத் தாண்டிப்போய் ஞானதாஸிடம் நின்றது.

"ஆபரேஷன்ல நான் போயிட்டா இவளுக்கு யாரு காப்பி போடுவா? சுடுதண்ணி வைக்கக்கூடத் தெரியாதே," என்றது அவர் மனசு.

ஞானதாஸ் தலையைத் தாழ்த்திக்கொண்டார்.

"எழும்புங்க," என்றாள் தங்கபுஷ்பம். "நேரா ஆஸ்பத்திரிக்குத்தான். பொழைச்சு வந்து நீங்களே போடுங்க."