கை நனைத்தவர்

“இன்னொரு கால் துண்டு போடு மனே,” என்று இலையை முன்னால் தள்ளினார் வினாயகமூர்த்தி. கோழிக்கறி எண்ணெய் அவர் முழங்கை வரை வழிந்தது. பரிமாறிக்கொண்டிருந்த யசோதினி துண்டைப் போட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அத்தான் தங்கராசாவைச் சுனாமி கொண்டுபோய் இன்று முப்பத்தோராம் நாள். அவர் படகு வாங்க நாலு லட்சம் வட்டிக்குக் கொடுத்த மனிதர், முகத்தில் ஒரு வாட்டம்கூட இல்லாமல் எலும்பை உறிஞ்சிக்கொண்டிருந்தார். சட்டைப் பைக்குள் கடன் சீட்டும், அடகாக வாங்கிய வீட்டு உறுதிப் பத்திரமும் துருத்திக்கொண்டு தெரிந்தன.

அது அக்கா புஸ்பத்துக்குச் சீதனமாக வந்த வீடு. வாவிக்கரைப் பக்கம் இருந்ததால் அலைக்குத் தப்பியது. அதையும் இந்த ஆள் எடுத்துக்கொண்டால், அக்கா முகாம் கூடாரத்துக்குத்தான் போகவேண்டும்.

யசோதினி குசினிக்குள் போய், அடுப்படியில் நின்ற அக்காவிடம் குசுகுசுத்தாள். “செத்த வீட்டில என்ன தீனிக்கா இது. திண்டு முடிச்சித்து வீட்டக் கேக்கப்போறார், பாரு.”

“தின்னட்டும் யசோ,” என்றாள் புஸ்பம். “நல்லாத் தின்னட்டும்.”

விடியற்காலையிலிருந்து தனியாளாக நின்று ஆக்கியவள் அவள்தான். ஆட்டுக்கறி, கோழிக்கறி, முட்டை, பிட்டு, கால்போத்தல் சாராயம், ஒரு கட்டு பீடி. எல்லாவற்றையும் முதலில் அத்தானுக்குப் படைத்து, அறைக்கதவைச் சாத்திவிட்டாள். செத்தவர் வந்து சாப்பிடுவார், பந்தி முடியும்வரை யாரும் திறக்கக்கூடாது.

“மீன் எங்க புஸ்பம்?” என்று பந்தியிலிருந்து குரல் கொடுத்தார் மூர்த்தி. “கடலுக்குப் போனவனுக்கு மீன் இல்லாத படையலா?”

“இப்ப அவர் மீன் தின்னமாட்டார்,” என்றாள் அக்கா.

அலை வந்த நாளிலிருந்து தேற்றாத்தீவு ஊரிலேயே ஒருவரும் மீனைத் தொடுவதில்லை. அந்த மீன்கள் எதைத் தின்று கொழுத்தனவோ என்ற அருவருப்பு.

யசோதினிக்கு ஆஸ்பத்திரி நினைவு வந்தது. முகமே தெரியாமல் ஊதிக் கிடந்த உடலை, இடுப்பில் இருந்த சாரத்தை வைத்து, அத்தான் என்று அக்காதான் அடையாளம் காட்டினாள். “இது என்ட மகன், விடுங்க பிள்ளையள்,” என்று கல்லாறு ஊர்த் தாயொருத்தி அதன் காலைப் பிடித்துக்கொண்டு கதறினாள். அந்தத் தாயின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டது யசோதினிதான்.

மூர்த்தி கை கழுவினார், பெரிதாக ஏப்பம் விட்டார். பிறகு சட்டைப் பையைத் தட்டினார். “அப்ப புஸ்பம், அந்தக் கதைய ஒருக்கா முடிப்பமா?”

“எந்தக் கதை அண்ணன்?”

“தங்கராசாட கடன்தான்.”

“அவர்ர படையல்ல கை நனைச்சித்து, அவருக்கிட்டயே கடன் கேக்கிறீங்களா?”

முற்றத்தில் இருந்தவர்களுக்கும் கேட்கட்டும் என்றுதான் சொன்னாள். வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். படைத்த சோற்றைத் தின்றவன் செத்தவனிடம் கடன் கேட்கக்கூடாது. கேட்டால் செத்தவன் அவன் வாசலில் வந்து நிற்பான் என்பது ஊருக்கே தெரியும்.

மூர்த்தியின் முகம் கறுத்தது. “நான் பந்தியிலதானே திண்ட.”

“ஒரே சட்டிதான் அண்ணன். போதாததுக்கு நாலு தரம் கேட்டு வாங்கித் திண்டீங்க.”

யாரோ சிரித்தார்கள். மூர்த்தி சாத்தியிருந்த அறைக்கதவை ஒருமுறை பார்த்தார். பிறகு சீட்டை நாலாகக் கிழித்து, உறுதியைப் பாயில் எறிந்துவிட்டு, வெற்றிலைகூட எடுக்காமல் வேலிப் படலையைத் தாண்டினார். கொஞ்ச நேரத்தில் மற்றவர்களும் போனார்கள்.

புஸ்பம் வாசல் கதவைப் பூட்டினாள். கிழிந்த சீட்டைப் பொறுக்கி அடுப்பில் போட்டாள். அது எரிந்து முடியும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, சிரித்தாள். ஒரு மாதமாக அவள் சிரித்ததே இல்லை.

“கடன் இல்ல யசோ. ஒரு சதம் இல்ல. இந்த வருசம் பொங்கலும் இல்லாமப் போச்சே, இண்டைக்குத்தான் நமக்குப் பொங்கல்.” சீனி போட்ட தேங்காய்ப்பூவும் பிட்டுமாக ஒரு பிடி அள்ளித் தங்கையின் வாயில் ஊட்டினாள்.

யசோதினி அவளைக் கட்டிப்பிடித்து அழுதாள். “அந்தத் தின்னிப் பேயிட்ட இருந்து, செத்தும் அத்தான் உன்னக் காப்பாத்தித்தார்கா.”

அக்கா கண்ணீரைத் துடைத்துவிட்டாள். எழுந்துபோய், சாத்தியிருந்த அறைக்கதவை விரலால் இரண்டு தரம் தட்டினாள்.

“வெளிய வாங்க, அந்தாள் கிழிச்சித்துப் போயித்தார்.”