வான்மாறன் எப்படி எழும்பினான்?

“இதுவும் ஒரு படமா? எங்களைப் பேயனாக்கிப் போட்டாங்கள்!”

ஆதம்பாவாவின் தேத்தண்ணிக் கடையில் கலீலுர் றஹ்மான் மேசையில் அடித்த அடியில் எல்லோருடைய பிளேன்டீயும் தளும்பியது. துறைமுகத்தில் மூட்டை ஏற்றி இறக்குகிறவன். கை கொஞ்சம் பாரமானதுதான்.

கோபம் வராமல் என்ன செய்யும்? ‘வான்மாறன்’ முதல் பாகத்தை அவனும் கூட்டாளி தாஹிரும் எத்தனை தரம் பார்த்தார்கள் என்பது தியேட்டர்காரருக்கே நினைவில்லை. வானத்தில் பறக்கும் வீரன் வான்மாறன், வில்லன் அடித்த அடியில் இரண்டு காலும் உடைந்து குப்பைமேட்டில் விழுந்து கிடப்பதோடு அந்தப் படம் முடிந்திருந்தது. ‘மீண்டும் எழுவான்’ என்று திரையில் எழுத்து வந்தபோது, இருவரும் கதிரையில் ஏறி நின்று விசிலடித்தார்கள். இப்போது வந்த இரண்டாம் பாகத்தை றஹ்மான் தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தான்.

“அரைவேக்காட்டில இறக்கின படம்! போகேக்க நீலப் போர்வை, வரேக்க பச்சைப் போர்வை. பறக்கேக்க கயிறு தெரியுது. சரி, அதையெல்லாம் விடுங்க. கால் உடைஞ்சவன் எப்படி எழும்பினான் எண்டு காட்ட வேணாமா? ஒருத்தி பாட்டுப் படிக்கிறாள், இவர் துள்ளி எழும்பிப் பறக்கிறார். பாட்டுக்குக் கால் பொருந்துமா?”

கடை முழுக்கச் சிரித்தது. றஹ்மானுக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த எழும்புகிற காட்சி அவனுக்கு வேண்டியிருந்தது. தனக்காக அல்ல, தாஹிருக்காக.

மா மூட்டை லொறி ஓட்டிக்கொண்டிருந்த தாஹிருக்கு, கப்பல்துறைப் பக்கம் கண்ணிவெடியில் இடது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. செயற்கைக் கால் கிடைத்தது. அதைப் போட்டுக்கொண்டு முற்றத்தில் எழும்பியவன், எழும்பின வேகத்திலேயே விழுந்தான். ஒழுங்கையில் போன யாரோ சிரித்துவிட்டார்கள். அன்றைக்குப் பழைய சாரத் துணியில் சுற்றி அலுமாரிக்கு மேலே போட்ட கால், பிறகு கீழே இறங்கவேயில்லை.

“முதல்ல வான்மாறன் எழும்பட்டும், பிறகு நான் எழும்புறன்” என்று பகிடிவிட்டு எல்லோர் வாயையும் அடைத்துவிட்டான் தாஹிர். பகிடிதான். ஆனால் அவன் மனைவி ஜெஸீமா அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, இரண்டாம் பாகம் எப்போது வரும் என்று பார்த்திருந்தாள்.

அன்று ஊரடங்குக்கு முன் றஹ்மான் தாஹிர் வீட்டுக்குப் போனான்.

“போன கிழமை மருந்து கட்ட ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனனான், நானா. வந்ததில இருந்து இன்னும் மோசம். ஒரு கதை பேச்சு இல்லை” என்றாள் ஜெஸீமா.

தாஹிர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தான்.

“படம் பார்த்தியா மச்சான்?” என்றான் திரும்பாமலே.

“பார்த்தன்.”

“எப்படி எழும்பினவன்?”

பாட்டு என்று சொல்ல றஹ்மானுக்கு மனம் வரவில்லை.

“முதல் நாள்… எழும்பினான். அப்படியே விழுந்தான்.”

தாஹிர் மெதுவாகத் திரும்பினான். “விழுந்தானா?”

“விழுந்தான். சனம் சிரிச்சது.”

“வான்மாறனைப் பார்த்தா?”

“ஓம். அவனுக்கும் அழுகை வந்திட்டுது. அடுத்த நாள் மதிலைப் பிடிச்சு எழும்பினான்.”

“பறக்கேல்லையா?”

“நடக்கவே ஏலாதவன் எங்க பறக்கிறது? இரு, மிச்சத்தை நாளைக்குச் சொல்லுறன்.”

மறுநாளும் போனான். அதற்கடுத்த நாளும் போனான். படம் எடுத்தவர்கள் அவசரப்பட்டு விட்டதையெல்லாம் றஹ்மான் தன் கதையில் ஆறுதலாக எடுத்தான். வான்மாறன் விழுந்தான். முழங்கையை உரசிக்கொண்டான். கோபத்தில் ஊன்றுதடியைத் தூக்கி எறிந்தான், பிறகு தானே தவழ்ந்துபோய் அதை எடுத்தான். பெரிய வீரன்தான், ஆனாலும் வீட்டு வாசல் படலை மட்டும் அவனுக்கு எட்டாத தூரத்திலேயே இருந்தது.

ஒரு நாள் ஜெஸீமா றஹ்மானைப் படலையிலேயே மறித்தாள்.

“நானா, எங்கட தம்பி றஊப் அண்டைக்குத் தேத்தண்ணிக் கடையில இருந்தவன். படத்தில அப்படி ஒண்டுமே இல்லையாமே! நீங்களே மேசையில அடிச்சு ஏசினீங்களாமே!”

“ஓம், ஏசினனான்தான்” என்றான் றஹ்மான்.

“கால் போன மனுசனுக்குப் பொய்யைச் சொல்லி ஆசை காட்டலாமா? நாளைக்கு உண்மை தெரிஞ்சால் அவருக்கு ஆரை நம்ப ஏலும்? நீங்களே போய்ச் சொல்லிடுங்க, நானா.”

அவள் சொன்னது நியாயம்தான். சொல்லிவிடுவோம் என்று உள்ளே போனான். பாயில் தாஹிர் இல்லை. அலுமாரிக்கு மேலே வெறும் சாரம் மட்டும் கிடந்தது.

இருவரும் பின்வளவுக்கு ஓடினார்கள்.

மதிலைப் பிடித்தபடி தாஹிர் நின்றுகொண்டிருந்தான். இரண்டு காலில். முழங்கையில் தோல் உரிந்து, சட்டையெல்லாம் மண். ஜெஸீமா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

றஹ்மானுக்கும் கண் கலங்கியது. இதற்கு மேல் மறைக்க முடியவில்லை.

“மச்சான், மன்னிச்சுக்கொள். நான் சொன்னதெல்லாம் பொய். படத்தில அவன் ஒரு பாட்டோட எழும்பிப் பறந்திட்டான்.”

“தெரியும்” என்றான் தாஹிர், வேர்வையைத் துடைத்துக்கொண்டு. “படம் தியேட்டருக்கு வர முந்தியே வீடியோ கசெட் வந்திட்டுது. ஆஸ்பத்திரிக்குப் போன அண்டைக்கு, இவள் மருந்து எடுக்க வரிசையில நிக்கேக்க, வார்டில டெக்கில போட்டவங்கள். எனக்கு இருந்த கொஞ்ச நம்பிக்கையும் அதோட போயிட்டுது.”

“பிறகேன்டா என்னட்டக் கேட்டாய்?”

“நீயும் பாட்டைத்தான் சொல்லுவாய் எண்டு நினைச்சன்.”

தாஹிர் மதிலிலிருந்து மெல்லக் கையை எடுத்தான். ஆடினான், ஆனால் விழவில்லை.

“அந்தத் துள்ளி எழும்பினவனைப் பார்த்து எனக்கு எழும்ப ஏலாது மச்சான். நீ விழுத்தி விழுத்தி எழுப்பினாயே, அவனை நம்பித்தான் எழும்பினனான். இப்பச் சொல்லு, நாளைக்கு அவன் படலையைத் தாண்டுறானா, இல்லையா?”