கதவைப் பிடிக்க ஒரு ஆள்

“எங்க அண்ணன் என்ன, உங்க காருக்கு முட்டுக்கம்பா?”

ஷம்ஸியா கேட்டதில் தப்பே இல்லை. மேலப்பாளையத்தில் காலை வெயிலே சுள்ளென்று அடிக்கும். அந்த வெயிலில் அவள் புருஷன் தாஜ் முகம்மது, பழைய மாருதி காரின் டிக்கியில் கைலி மூட்டைகளை ஏற்றிக்கொண்டிருந்தான். அவளுடைய அண்ணன் நூகு, டிக்கிக் கதவை இரண்டு கையாலும் தலைக்கு மேலே தாங்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். கதவைத் தூக்கி நிறுத்துகிற ஷாக்கர் இரண்டும் செத்துப்போய்க் கொள்ளை நாளாச்சு. கையை எடுத்தால் கதவு மண்டையில் விழும்.

கையாவது நல்ல கையா? சவூதியில், தம்மாமில் வேலை செய்த இடத்தில் மெஷினுக்குள் போய், வலது கையில் மூன்று விரல் இல்லை. ஊருக்கு வந்ததில் இருந்து மனுஷன் வீட்டைவிட்டு வெளியே தலைகாட்டியதே கிடையாது. அப்படிப்பட்டவரைத்தான் தாஜ் தினமும் காலையில், “மச்சான், கொஞ்சம் வந்து கதவைப் பிடிங்க” என்று கூப்பிட்டுத் தெருவில் நிறுத்துகிறான்.

“ஒரு கம்பைக் கொடுத்தா நிக்கும்லா?” என்றாள் ஷம்ஸியா.

“கம்பு வழுக்கும்.”

“அப்பம் புது ஷாக்கர் வாங்கிப் போடுங்க.”

“பார்ப்போம்.”

இந்தப் ‘பார்ப்போம்’ நோன்புக்கு முந்தியே சொன்னது. ஹஜ்ஜுப் பெருநாளும் போய்விட்டது. இல்லாதப்பட்டவனா என்றால் அதுவும் இல்லை. நாங்குநேரி, வள்ளியூர் என்று கடை கடையாகச் சரக்குப் போடுகிற வியாபாரி. சரியான பிசினாறி, வேறென்ன சொல்ல?

பேசிப் பேசி அலுத்துப்போன ஷம்ஸியா, தானே காரியத்தில் இறங்கினாள். தாஜ் சரக்கு எடுக்க ஈரோட்டுக்கு பஸ் ஏறியதும், மெக்கானிக் பூதத்தானுக்குச் சொல்லி அனுப்பினாள். அவரும் மதுரையில் இருந்து புது ஷாக்கர் வரவழைத்து மாட்டிக் கொடுத்தார். லேசாகத் தூக்கிவிட்டால் போதும், கதவு ஜம்மென்று மேலே போய் நின்றது.

“இனிமே நிம்மதியா இருங்கண்ணே” என்றாள். நூகு சரியென்று தலையாட்டினார்.

தாஜ் ஊரில் இருந்து வந்தான். கதவைத் தூக்கிப் பார்த்தான். ஒரு வாரம் போவதற்குள் காரைப் பூதத்தான் பட்டறைக்கு ஓட்டிக்கொண்டு போய்விட்டான்.

“பழைய ஷாக்கரையே மாட்டிரும் வே.”

பூதத்தான் அவனை மேலும் கீழும் பார்த்தார். “என்ன பாய் சொல்லுதீரு? புதுசுல எதுவும் கோளாறா?”

“புதுசு நல்லாத்தான் இருக்கு. பழசு கெடக்கா, தூக்கிப் போட்டுட்டீரா?”

“அங்கன பழைய இரும்போட கெடக்கு. நல்லதைக் கழட்டிட்டுச் செத்ததை மாட்டச் சொல்லுத ஆளை இப்பத்தான் வே பார்க்கேன். புதுசை வித்துக் காசாக்கப் போறீராக்கும்?”

“அப்படியே வச்சுக்கிடும். மாட்டும்.”

“கதவு மண்டையைப் பொளந்தா எங்கிட்ட வரப்படாது, ஆமா” என்று முனகிக்கொண்டே மாட்டினார் பூதத்தான்.

மறுநாள் காலையில் ஷம்ஸியா வாசல் திரையை விலக்கிப் பார்த்தாள். அண்ணன் மறுபடியும் தெருவில், கதவும் கையுமாக. அவளுக்கு வந்ததே கோபம். அடுத்த மூட்டையை எடுக்க உள்ளே வந்த தாஜை மறித்துக்கொண்டாள்.

“நான் ஆசையாப் போட்டதைக் கழட்டிட்டீங்களா? எங்க அண்ணனை வேலைக்காரன் மாதிரி நிறுத்தி வைக்கதுல உங்களுக்கு அப்படி என்ன சந்தோசம்? அல்லாஹ்வுக்கே அடுக்காது.” சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

“பையப் பேசு, அவருக்குக் கேட்டுறப் போகுது.” தாஜ் மூட்டையைக் கீழே வைத்தான். “நான் ஈரோட்டுல இருந்து வந்த மறுநாளு, மச்சான் சும்மா கார் பக்கத்துல நின்னாரு. எதிர்வீட்டு ஷேக் மைதீன் பள்ளிவாசல்ல இருந்து வந்தவரு, சலாம் சொல்லிக் கையை நீட்டிட்டாரு. நம்ம ஆளுக கை கொடுக்காம சலாம் சொல்லுவாகளா? மச்சான் கையைக் கைலிக்குள்ள ஒளிச்சுக்கிட்டு உள்ள வந்தவருதான். அதுக்குப் பொறவு வாசல் தாண்டுனாரா, சொல்லு.”

ஷம்ஸியா யோசித்தாள். தாண்டவில்லை. தலைவலி என்று உள்ளேயே படுத்துக் கிடந்தார். கதவு பிடிக்கிற தொல்லை தீர்ந்து அண்ணன் ஓய்வெடுக்கிறார் என்றுதான் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

வெளியே பேச்சுச் சத்தம் கேட்டது. திரை ஓரமாக எட்டிப் பார்த்தாள். ஷேக் மைதீன் நின்று சலாம் சொன்னார். நூகு கதவைத் தாங்கியபடியே வாய் நிறையப் பதில் சலாம் சொன்னார். தம்மாமில் வெயில் எப்படி என்று ஷேக் மைதீன் கேட்க, நூகு என்னவோ சொல்லிச் சிரித்தார். அண்ணன் சிரித்து அவள் பார்த்தே ரொம்ப நாளாகியிருந்தது.

“ரெண்டு கையாலயும் கதவைப் பிடிச்சுக்கிட்டு நிக்கவருகிட்ட எவன் கை நீட்டுவான்?” என்றான் தாஜ், அவள் காதோடு.

ஷம்ஸியா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு திரைக்குப் பின்னால் நின்று, தெருவுக்கே கேட்கிற மாதிரி குரல் கொடுத்தாள்.

“அண்ணே, கதவை விட்டுறாதீங்க. இந்தப் பிசினாறி மனுசன் இந்த ஜென்மத்துல புது ஷாக்கர் வாங்க மாட்டாரு.”