கடலை பொறுக்கிய பிஸ்கட்

‘உன் பொண்ணுக்கு ஆகலைன்னா ஊரே அதைத் தின்னக் கூடாதா?’ என்று வாய்வரை வந்துவிட்டது தையல்காரிக்கு. பல்லைக் கடித்துக்கொண்டு டப்பாவை மூடினாள்.

“நிலக்கடலை போட்டது எதுவும் மேஜைக்குப் போகக் கூடாதுங்க. குரூப்பிலயே போட்டிருந்தோமே” என்றாள் எதிரில் இருந்த பெண்மணி. பள்ளிக்கூட மண்டபத்து வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, உள்ளே போகிற டப்பாவை எல்லாம் திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள். வந்த ஐந்தாவது நிமிஷமே தையல்காரி அவளுக்குச் சுங்கச்சாவடி என்று மனசுக்குள் பெயர் வைத்தாயிற்று.

“நாங்க இந்தப் பக்கம் குடிவந்தே ஒரு மாசந்தான் ஆகுது. என்னை எந்தக் குரூப்பிலயும் யாரும் சேர்க்கலை.”

“தப்புதாங்க. ஆனா சொன்னேனே, ஒரு சின்னப் பொண்ணுக்கு இது ஆகலைன்னு. என்னால விட முடியாது.”

யார் வீட்டுச் சின்னப் பொண்ணாம்? கேட்கவே வேண்டாம், இவள் பெற்ற சீமாட்டியாகத்தான் இருக்கும். ஊரார் பிள்ளைக்காக எவள் இப்படி வாசலில் வந்து காவல் கிடப்பாள்?

பள்ளியில் முதலுதவி அறை கட்ட நிதி திரட்டும் விற்பனை அது. தைக்கக் கொடுத்த துணிகளை எல்லாம் ஓரங்கட்டிவிட்டு, விடியும் முன்பே எழுந்து ஓவன் முன்னால் வெந்திருக்கிறாள் தையல்காரி. காசைவிட அவளுக்குப் பெரிய கவலை பாப்பா. புதுப் பள்ளியில் ஒரு சிநேகிதிகூட இன்னும் சேராத பிள்ளை, ‘எங்கம்மா பிஸ்கட்டைத் தின்னு பாருங்கடி’ என்று வகுப்பு முழுக்கச் சொல்லிவைத்திருந்தது. இடைவேளை மணி அடித்ததும் அத்தனையும் மேஜைக்கு வந்து நிற்கும். மேஜை காலியாகக் கிடந்தால் அது முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்ளும்?

விறுவிறுவென்று மண்டபத்துக்குப் பின்பக்கம் போய்ப் படியில் உட்கார்ந்தாள். பிஸ்கட்டின் மேல் பதித்திருந்த நிலக்கடலையை நகத்தால் ஒவ்வொன்றாக நெம்பி எடுத்தாள். தையல் பிரித்துப் பழகிய கை, ஒன்றுகூட உடையவில்லை.

மாவிலேயே அரைத்துச் சேர்த்த கடலையை என்ன செய்வது? உள்ளே இருப்பது யார் கண்ணுக்குத் தெரியப்போகிறது என்று, தூவுவதற்காகக் கொண்டுவந்திருந்த சர்க்கரைப் பொடியைக் குழி தெரியாமல் தூவினாள். வேறு டப்பாவில் அடுக்கிக்கொண்டு மறுபடியும் வாசலுக்கு வந்தாள்.

“இது வெறும் வெண்ணெய் பிஸ்கட்” என்று நீட்டினாள்.

சுங்கச்சாவடி ஒன்றை எடுத்து, இரண்டாக உடைத்து, முகர்ந்தாள்.

“வெண்ணெயைச் சிவக்க உருக்கிச் சேர்த்திருக்கீங்க. நல்ல கைப்பக்குவம்” என்றாள். “ஆனா மாவுல கடலை இருக்கு.”

சொல்லிக்கொண்டே எழுந்து போய், டப்பாவை அப்படியே குப்பைக்கூடையில் கவிழ்த்துவிட்டாள். குழாயடியில் கையைச் சோப்புப் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிவிட்டுத் திரும்பி வந்தாள்.

தையல்காரிக்கு உச்சந்தலைவரை ஏறிவிட்டது.

“ஏங்க, நீங்க மனுஷிதானா? தூக்கத்தைக் கெடுத்துக்கிட்டுச் சுட்டதுங்க அது! ஆளுக்கொரு டப்பா செஞ்சு சுமந்துக்கிட்டு வந்திருக்கோம். நீங்க மட்டும் வெறுங்கையை வீசிக்கிட்டு வந்து உட்கார்ந்துக்கிட்டு எங்களுக்குச் சட்டம் பேசறீங்க. அடுத்தவ சுட்டதை உடைச்சு மோந்து பார்க்கத் தெரியுதே, நீங்களா நாலு பிஸ்கட் சுட்டு எடுத்துட்டு வரத் தெரியலையா?”

அவள் ஒரு துணியை எடுத்துக் காலி டப்பாவைத் துடைக்க ஆரம்பித்தாள். அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

“பெத்த பொண்ணு மேல அவ்வளவு உசுருன்னா, இன்னைக்கு ஒரு நாள் அவளை வீட்டுல பூட்டி வெச்சுட்டு வரவேண்டியதுதானே?”

அந்தப் பெண்மணி துடைத்த டப்பாவைத் திருப்பிக் கொடுத்தாள்.

முதல் மேஜையிலிருந்து ஓவிய டீச்சர் ஓடிவந்து தையல்காரியைத் தூணோரமாக இழுத்துக்கொண்டு போனாள்.

“என்னங்க இப்படிப் பேசிட்டீங்க? போன வருஷம் இதே மாதிரி ஒரு விற்பனையில ஒரு பொண்ணு கடலை பிஸ்கட்டைத் தின்னுட்டு மூச்சு முட்டி விழுந்துச்சு. ஆஸ்பத்திரிக்குப் போற வழியிலயே உசுரு போயிடுச்சு. அதுக்கப்புறந்தான் முதலுதவி அறை கட்டணும்னு ஆரம்பிச்சதே. வாசல்ல உட்கார்ற வேலையை அவங்களேதான் கெஞ்சிக் கேட்டு வாங்கிக்கிட்டாங்க.”

மேற்கொண்டு கேட்கத் தையல்காரி நிற்கவில்லை. அவள் பாப்பாவும் ஒரு சின்னப் பொண்ணுதான். அத்தனை நேரம் அந்தப் பெண்மணி மேல் இருந்த ஆத்திரமெல்லாம் இப்போது தன் மேலேயே திரும்பியது. பூட்டி வை என்றாளே, எந்த வாய் சொன்னது அதை? தன் நாக்கைத் தானே இழுத்து அறுத்துக்கொள்ளலாம் போலிருந்தது.

வாசலுக்குப் போய் அந்தப் பெண்மணியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அக்கா, என்னை மன்னிச்சிடுங்க. பெத்த பொண்ணைப் பறிகொடுத்தவங்கன்னு தெரியாம வாய்க்கு வந்ததை எல்லாம் பேசிட்டேன்.”

அவள் மெல்லத் தன் கையை விடுவித்துக்கொண்டாள். அடுத்து வந்தவரின் டப்பாவை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். திறக்கவில்லை.

“செத்துப்போனது என் பொண்ணு இல்லைம்மா” என்றாள். “பிஸ்கட்டுதான் என்னுது.”