வெளியே கட்டிய தூளி

“நாலு துணியை எடுத்துப் பையில வை. கிளம்பு.”

மெரிதா நகரத்திலிருந்து பஸ் பிடித்து வந்திருந்த எலிஹியா, கையிலிருந்த கோழி சூப் தூக்கைக்கூட இன்னும் கீழே வைக்கவில்லை.

அந்த ஊரில் கட்டிலுக்குப் பதிலாகப் பெரியவர்களும் படுக்கும் வலைத்தூளியில் தங்கை மிர்னா மல்லாந்து கிடந்தாள். இடது அக்குளுக்கு அடியில் ஒரு சின்னத் தலையணை. தலைவழியாகப் போடும் பூவேலை அங்கிக்குக் கை தூக்க வேண்டும், அது முடியாது. அதனால் புருஷனின் பொத்தான் வைத்த சட்டையைப் போட்டிருந்தாள். மார்பில் கட்டி எடுத்த தையல்கூட இன்னும் பிரிக்கவில்லை.

“எங்கக்கா?”

“என் வீட்டுக்கு. நீ ஆஸ்பத்திரியில இருந்து வந்த மறுநாளே உன் புருஷன் வேற தூளியைத் தூக்கிக்கிட்டு அடுப்படிக் கொட்டகைக்குப் போயிட்டானாமே. எதிர்வீட்டுக்காரி போன்ல சொல்றா. நீ சொல்லலை.”

மிர்னாவும் அவள் புருஷன் காஸ்பாரும் கல்யாணமான நாளிலிருந்து ஒரே தூளியில் படுத்தவர்கள். அந்த ஊரில் புருஷன் பெண்டாட்டிக்குத் தூளி இரண்டானால் தெருவின் வாய்க்கு அவல் கிடைத்த மாதிரி.

“புண்ணுல இடிச்சிடுமேன்னு போயிருப்பாரு.”

“சரி, இதே ரூம்ல கட்டட்டுமே. நாலு சுவத்துலயும் கொக்கி இருக்கு. வெளிய போக என்ன வந்துது?”

 அதையேதான் மிர்னாவும் தனக்குள் கேட்டுக் கேட்டுப் புழுங்கிக்கொண்டிருந்தாள். கண் நிறைந்துவிட்டது.

“கட்டியை மட்டுந்தான் எடுத்தாங்கக்கா. மார்பு இருக்கு. கொஞ்சம் குழி விழுந்திருக்கு, அவ்வளவுதான். ஆனா கட்டு மாத்தறப்ப அவரு அந்தப் பக்கம் திரும்பிக்கறாரு. ஒரு தடவைகூடப் பார்க்கலை. என்னைப் பிடிக்கலைன்னா வாயைத் திறந்து சொல்லிடலாமில்ல?”

எலிஹியாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். ஊரே தூளியில் கிடக்கும் மத்தியான நேரம். கொட்டகைத் தூளியில் காஸ்பாரும் வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தான். அவன் ஓட்டும் மூன்று சக்கர வண்டி வாசலில் நின்றது. பெண்டாட்டி இங்கே அரை உயிராகக் கிடக்கிறாள், மகராசனுக்கு எப்படித்தான் கண் மூடுகிறதோ.

“அவன் முழிக்கறதுக்குள்ள போயிடலாம்” என்றாள் மெதுவாக. “முழிச்சா நான் எதாவது கேட்டுடுவேன். அப்புறம் தெருவே கூடும்.”

 “சரிக்கா” என்றாள் மிர்னா.

எலிஹியா பரபரவென்று எடுத்து வைத்தாள். மாத்திரை, மெத்தென்ற உள்பாடி இரண்டு, ஐஸ் பை, பஸ்ஸில் மார்பில் அணைத்துக்கொள்ள இன்னொரு தலையணை. “சத்தம் போடாம எந்திரி. நான் வந்து பிடிக்கறேன், இரு.”

மிர்னா காத்திருக்கவில்லை. வலது கையை ஊன்றி எழுந்தாள். தூளி ஒரு பக்கம் சாய்ந்தது. விழாமல் இருக்க இடது கை தானாக மேலே போய் வலையைப் பிடித்தது. தையல் சுரீரென்று இழுத்தது. உதட்டைக் கடித்துக்கொண்டாள். ஒரு சத்தம் வரவில்லை.

எலிஹியா பையை மூடிவிட்டுத் திரும்பினாள். காஸ்பார் உள்ளே நின்றுகொண்டிருந்தான்.

வெறுங்கால். பாதித் தூக்கம். எலிஹியாவை அவன் பார்த்ததாகவே தெரியவில்லை. நேராகப் போய் மிர்னாவின் முதுகுக்குக் கீழே கை கொடுத்து நிமிர்த்தி உட்கார வைத்தான். கீழே விழுந்த தலையணையை எடுத்து அக்குளுக்கு அடியில் சொருகினான்.

“சத்தமே வரலையே” என்றாள் எலிஹியா. “உனக்கு எப்படித் தெரிஞ்சுது?”

 அவன் கால் கட்டைவிரலில் ஒரு நூல்கயிறு அறுந்து தொங்கியது. அதன் மறுபாதி சன்னல் வழியாக வந்து மிர்னாவின் தூளித் தலைப்பில் முடிச்சுப் போட்டிருந்தது. சமைத்துக்கொண்டே பிள்ளைக்குத் தூளி ஆட்ட அந்த ஊர்ப் பெண்கள் காலில் கட்டிக்கொள்ளும் கயிறு அது.

மிர்னா கயிற்றைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். “நான் புரள்றப்பல்லாம் தண்ணி குடிக்கன்னு வந்து நின்னது இதுனாலதானா?”

“தூங்கு, தூங்கு” என்றான் அவன், அசடு வழிய.

எலிஹியாவுக்கு வெட்கமாகவும் இருந்தது, கோபமாகவும் இருந்தது. கோபத்தைத்தான் காட்ட முடிந்தது. “இவ்வளவு கரிசனம் இருக்கறவன் உள்ளயே படுத்துத் தொலைக்க வேண்டியதுதானே? இவ என்னென்னவோ நினைச்சு உருகிட்டிருக்கா.”

“உள்ளதான் படுத்தேன் மதினி, மொத நாள்.” அவன் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். “நான் இருந்தா இவ பல்லைக் கடிச்சுக்கறா. திரும்பிப் பார்த்தா சிரிக்கறா. கட்டு மாத்தறப்பகூட, அதுக்குத்தான் அந்தப் பக்கம் திரும்பிக்கறேன். கொல்லைக்குப் போயிட்டு வந்தேன், அந்த நேரத்துல வாய்விட்டு அழற சத்தம் கேட்டுது. நான் உள்ள வந்ததும் கப்புன்னு நிறுத்திட்டா. வலிக்குதுன்னு அழக்கூட விடாம நான் குறுக்கே கிடக்கறேனேன்னு இருந்துது. அதான்.”

 எலிஹியா பையைப் பிரித்து மாத்திரைகளை ஒவ்வொன்றாக வெளியே வைக்க ஆரம்பித்தாள்.

மிர்னா நல்ல கையால் அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

“வலிக்குதுங்க. ரொம்ப வலிக்குது. தூளியை உள்ள வந்து கட்டுங்க.”