கத்துகிற காவல்

அன்று செவ்வாயா புதனா என்று கலைமதிக்கு இப்போது நிச்சயமில்லை. வேலையை விட்டு நிறுத்தப்பட்ட ராதிகாவின் நாற்காலி காலியாகக் கிடந்தது மட்டும் நினைவிருக்கிறது.

பாலக்கோடு தக்காளி மண்டி அலுவலகத்தின் கணினிகளைப் பார்த்துக்கொள்பவள் கலைமதி. வைரஸ் தடுப்பு மென்பொருள் இரண்டை ஓட்டிப் பார்த்து, ஒன்றை வாங்கச் சொன்னாள். முதலாளி பூபதி ஒப்பவில்லை.

“அது சும்மா கத்துதும்மா. இன்னொண்ணு சத்தமில்லாம இருக்குதுல்ல, அதையே வாங்கு.”

“குலைக்காத நாய்க்குச் சோறு எதுக்குங்க?”

அலுவலகத்தின் மற்ற பெண்கள் சிரிப்பை அடக்கினார்கள்.

“நல்ல புரோகிராமையும் வைரஸ்ங்குது.”

“எந்தப் புரோகிராமுங்க? பேரச் சொல்லுங்க, அத விட்டுடறேன்.”

பூபதி பேரைச் சொல்லாமல் எழுந்துகொண்டார். பிறகு, “நான் சொல்றத வாங்கலைன்னா வேலைய விட்டு நின்னுக்க” என்றார்.

“நின்னுக்கறேனுங்க. ஏன் நின்னேன்னு எல்லாருகிட்டயும் சொல்லிட்டு நிக்கறேன்.”

அவள் சொன்னதையே வாங்கினார்கள்.

அது பிடித்தது ஒரே ஒரு புரோகிராமைத்தான். பெண்களின் கணினித் திரைகளை அவர்களுக்குத் தெரியாமல் முதலாளி அறையில் காட்டிக்கொண்டிருந்த புரோகிராம் அது. ராதிகா வேறு வேலைக்கு விண்ணப்பம் அடித்ததை அவர் அப்படித்தான் பார்த்திருந்தார். அன்று மாலையே கலைமதி எல்லோரிடமும் அதைச் சொன்னாள்.

ராதிகா இப்போது அரூரில் வேலை பார்க்கிறாள். பூபதி அறைக் கதவைச் சாத்திக்கொண்டு மண்டி நடத்துகிறார். கலைமதி தன் பழைய நாற்காலியிலேயே இருக்கிறாள். மென்பொருளை ஆண்டுதோறும் அவள்தான் புதுப்பிக்கிறாள்.