மதியக் காவல்

சாட்சிக்கு அம்மாவையும் அழைத்துக்கொண்டுதான் சர்வீஸ் சென்டருக்குள் நுழைந்தான் அவன். பின்னால், லேப்டாப் பையை நெஞ்சோடு அணைத்தபடி அவன் மனைவி.

திரையின் கீழ்ப்பாதி முழுக்க மஞ்சள் படர்ந்திருந்தது. வீட்டிலிருந்தே ஒரு ஸ்டுடியோவுக்குக் கல்யாணப் படங்களைத் திருத்திக் கொடுப்பது அவள் வேலை. திரையில் மஞ்சளாகத் தெரிந்த மணப்பெண்ணை இவள் சரிசெய்து அனுப்ப, ஆல்பத்தில் அந்தப் பெண் நீலம் பாரித்துப்போய் உட்கார்ந்திருந்தாள். இன்னொரு தடவை இப்படி வந்தால் வேறு ஆள் பார்த்துக்கொள்கிறேன் என்று ஸ்டுடியோக்காரர் சொல்லிவிட்டார்.

கம்பெனிக்கு போன் செய்தான். ஆஃப் பண்ணி ஆன் பண்ணச் சொன்னார்கள். பண்ணினான். போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னார்கள். அனுப்பினான். ஒவ்வொரு தடவையும் ஒரு புதுக் குரல் வந்து முதலிலிருந்து கதை கேட்கும். கடைசியில்தான் நேரில் கொண்டுவரச் சொன்னார்கள்.

டெக்னீஷியன் அடிப்பக்கத்தைக் கழற்றிக்கொண்டே, சூடு பட்டுத்தான் திரை இப்படி ஆகியிருக்கிறது, மெத்தை தலையணை மேலே வைத்து வேலை செய்தீர்களா என்று கேட்டார்.

"சார், கைக்குழந்தை மாதிரி வச்சிருக்கோம். கோளாறெல்லாம் உங்க மெஷின்லதான். வேணும்னா எங்கம்மாவையே கேளுங்க."

அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முன்னால் வந்தார்.

"தம்பி, தினம் மத்தியானம் அது என் மடியிலதான் இருக்கும். கீழ இறக்கினதே கிடையாது. தூசி படக்கூடாதுன்னு மூடியைப் பாதி சாத்தி, மேல கம்பளிப் போர்வை வேற போத்தி விடுவேன்."

டெக்னீஷியன் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தார்.

உள்ளே இருக்கும் குட்டி ஃபேனில் சுற்றியிருந்த கம்பளி நூலை இடுக்கியால் எடுத்துக் காட்டினார். காற்று வெளியே போக வழியில்லை, சூடெல்லாம் பாதி சாத்திய திரை மேலேயே அடித்திருக்கிறது, இதைக் கம்பெனி இலவசமாக மாற்றித் தராது என்று பொறுமையாகச் சொன்னார்.

கூட்டிவந்த சாட்சி எதிர்க்கட்சிக்குப் போய்விட்டதை ஜீரணிக்க அவனுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"அதை நீ எதுக்கும்மா மடியில வச்சுக்கிட்டே?"

"உன் பொண்டாட்டிதான் வச்சுக்கச் சொன்னா. படமெல்லாம் ஏறிக்கிட்டிருக்காம், முழுசா மூடினா நின்னுடுமாம். மேசையில வச்சா பூனை மிதிச்சிடுமாம். இவ சாப்பிட்டு, ஒரு குட்டித் தூக்கம் போட்டு எழுந்து வர்ற வரைக்கும் நான்தான் காவல்."

சொல்லும்போது புகார் மாதிரிதான் ஆரம்பித்தார். முடிக்கும்போது குரலில் பெருமை வந்துவிட்டது.

அவன் மனைவி பக்கம் திரும்பினான். "முட்டி வலின்னு முனகிக்கிட்டிருக்கிற மனுஷியை உன் மெஷினுக்கு ஸ்டாண்டா ஆக்கி வச்சிருக்கியா? நீ தூங்கறதுக்கு எங்கம்மா காவலா?"

பழைய பிரிண்டரோடு வரிசையில் நின்றிருந்த பெண்மணி அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"விடுடா, எனக்கும் பொழுது போகுது" என்று மகனை அடக்கிவிட்டு, இவர்கள் பேசி முடிக்கட்டும் என்று அம்மா எதிர்க்கடைக்குச் செருப்பு பார்க்கக் கிளம்பிவிட்டார்.

டெக்னீஷியன் லேப்டாப்பைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். "மேடம், படம் ஏத்தறதுக்கெல்லாம் இவ்வளவு சூடாகாதே" என்றவர், திரையை இவர்கள் பக்கம் திருப்பினார். கடைசியாக மூடாமல் விட்டிருந்த கார் பந்தய விளையாட்டு ஒன்று அப்படியே திறந்திருந்தது. "இந்த மாதிரி கேம் மணிக்கணக்கா ஓடினாத்தான் இப்படிக் கொதிக்கும். ஆனா யாரும் ஆடின மாதிரியே தெரியலயே. கார் இன்னும் கிளம்பற கோட்டுலயே நிக்குது."

"ஓ, தூக்கம் பத்தாதுன்னு கேம் வேறயா?" என்றான் அவன்.

அவள் வாசலை ஒரு தரம் பார்த்துக்கொண்டாள்.

"அதைப் போட்டு விட்டாத்தாங்க அடிப்பக்கம் இதமா சூடாகுது. அத்தை முட்டிக்கு ஒத்தடம் கொடுக்கப் போனா, 'என்னைப் படுக்கையில தள்ளிடலாம்னு பாக்கறியா'ன்னு வெந்நீர்ப் பையைத் தூக்கிப் போடறாங்க. வேலைன்னு சொன்னா மட்டும்தான் அசையாம உக்காந்திருக்காங்க."

அவன் லேப்டாப்பின் அடிப்பக்கத்தைத் தொட்டுப் பார்த்தான்.

"திரைக்கு இப்படி ஆகும்னு எனக்குத் தெரியாதுங்க" என்று அவள் மெதுவாகச் சேர்த்துக்கொண்டாள். "போர்வை அவங்களோட சொந்த யோசனை."

கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தான். எதிர்க்கடையில் அம்மா யார் உதவியும் இல்லாமல் குனிந்து ஒரு செருப்பை மாட்டிக்கொண்டு, இப்படியும் அப்படியுமாக நடை பழகிக்கொண்டிருந்தார். கடைக்காரர் ஏதோ சொல்ல, அம்மா கையை ஆட்டி மறுத்தார். பேரம் படியவில்லை போல.

அவன் மேஜைப் பக்கம் திரும்பித் தொண்டையைச் செருமிக்கொண்டான். கம்பெனி மேல் எந்தக் குற்றமும் இல்லை, புதுத் திரை போட்டுவிடுங்கள், செலவை நானே ஏற்றுக்கொள்கிறேன் என்றான்.

டெக்னீஷியன் தலையாட்டிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடப் போனார். அவன் நகரவில்லை. மேஜை மேல் சாய்ந்து குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"சார், திரையே வேலை செய்யாத பழைய மெஷின் ஏதாவது உங்ககிட்ட கிடைக்குமா? அடிப்பக்கம் நல்லா சூடானா போதும்."